பதினாலாவது ஓடை

மண்ணை நான் முழங்காலில் நின்றுதான் அறிவேன்.
ஒரு மீற்றர் அகலம்.
முன்னால் சிவப்புத் தடி,
பின்னால் நான் துடைத்துவிட்ட நிலம்.
அம்பகாமத்துக் காட்டில் ஆறு வருசம்
சம்பளத்துக்கு மண்டியிட்டவள்
ஞாயிறு பூசையில் முழங்கால் நோகுதென்றால்
பக்கத்து வாங்கில் சிரிக்கிறார்கள்.

மெசின் எல்லாவற்றுக்கும் கத்தும்:
ஆணிக்கு, சன்னக்கோதுக்கு, மீன்ரின் மூடிக்கு,
ஒருமுறை
ஒரு சிறுபிள்ளையின் கொலுசுக்கு.
எல்லாச் சத்தத்தையும் வெடியென்றே நினை,
தள்ளியிருந்து தொடங்கு,
பக்கவாட்டில் வா,
மேலிருந்து குத்தாதே.
முதல் நாள் சொல்லித்தந்த பாடம்.

அன்று சித்திரை வெயில்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே என்னை அவித்தது.
லோன்காரன் இரண்டு தரம் எடுத்திருந்தான்.
பதினாலாவது ஓடையின் கடைசிச் சாணில்
மெசின் மெல்ல முனகியது,
காய்ச்சல்காரப் பிள்ளை நித்திரையில் முனகுவதுபோல.

ஆணி, என்றேன்.
தடியை முன்னே நகர்த்தினேன்.
பின்னேரம் கையெழுத்து வைத்தேன்.
பெயர்: ம. பேர்னடெற்.
நிலை: துப்புரவு.

அந்தக் காணி எமிலியானாவுடையது.
கச்சான் போட்டாள்.
ஒவ்வொரு தையும் பூசை முடிய
கடதாசிச் சுருளில் அவித்துக் கொண்டுவந்து தருவாள்.
“நீங்கள் துடைச்ச மண்ணக்கா, தின்னுங்கோ.”
தின்றேன்.
நல்ல ருசி.
அதுதான் எனக்குப் பயம்.

மூன்று தவக்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.
மாமியோடு கத்தியது,
வெள்ளிக்கிழமை கோழிக்கறி தின்றது,
சீட்டுக்காசில் ஐநூறை மறைத்தது.
சின்னச் சின்னப் பாவங்களாய்
அதைச் சுற்றி நட்டுக்கொண்டே வந்தேன்,
மண்டையோடு கீறிய பலகைகள் மாதிரி.
சுவாமியும் பலகைக்கு வெளியிலேயே நடந்தார்.
மூன்று அருள்நிறைந்த மந்திரம். போய் வா.

இந்தமுறை புதுச் சுவாமி.
பாலைமரத்தடியில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
காதை மட்டும் தந்தார்.
மாமியில்தான் தொடங்கினேன்.
கோழிக்கறிக்கு வந்தேன்.
பிறகு நாக்கு அந்தக் கடைசிச் சாணில் போய் நின்றது.
தோண்டுவதுபோலத்தான் சொன்னேன்,
தள்ளியிருந்து, பக்கவாட்டில்,
நடுவில் ஒருதரம் இருமி.

அவருடைய கதிரை கிறீச்சிட்டது.
எந்த ஓடை என்று கேட்கவில்லை.
கை தூக்கி மன்னிப்புச் சொன்னார், முழுதாக.
“கடவுள் மன்னிச்சிட்டார் பிள்ளை.
மண்ணுக்கு அது தெரியாது.
கேட்டதை நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது.
இதில உனக்கு மட்டும்தான் வாய் இருக்கு.”

கோபம் வந்தது.
சுமை இறக்க வந்தவளின் தலையிலேயே
சும்மாடு கட்டித் திருப்பி ஏற்றிவிடுகிற தெய்வம்
என்ன தெய்வமென்று கேட்டபடி
ஒலுமடு றோட்டால் சைக்கிள் மிதித்தேன்.
வேலை போகும்.
வேலையைவிட, எமிலியானாவின் முகம்.
கந்தோர் வாசலில் இரண்டுதரம் திரும்பினேன்.
மூன்றாம்தரம் திரும்பினால்
சேவல் கூவிவிடுமென்று பட்டது.
உள்ளே போனேன்.

இன்று பெரிய வெள்ளி அல்ல, வெறும் செவ்வாய்.
எமிலியானா நாடாவுக்கு வெளியே
மகனின் கையை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள்.
ஒன்றும் கேட்கவில்லை அவள்.
கேட்டிருக்கலாம்.
வேறை ஆள் செய்யட்டுமென்றார் சுப்பவைசர்.
நான்தான் மன்றாடி வாங்கினேன்
இந்தக் கடைசிச் சாணை.

சிறுபோகக் கச்சான் பூக்கத் தொடங்கியிருக்கிறது.
நாலு செடியை வேரோடு எடுத்து
பக்கத்தில் கிடத்துகிறேன்.
மெசினை நீட்ட,
அதே முனகல்.
நாலு வருசம் எனக்காகப் பொறுத்திருந்த குரல்.

வயிறு மண்ணில் பட, தூரிகையால் ஒதுக்குகிறேன்.
ஆண்டவரே, ஆணியாயிருக்கட்டுமென்று
வாய் வரை வந்துவிட்டது.
அன்றும் இதைத்தான் செபித்தேன்.
விழுங்கிவிட்டேன்.

இன்னும் இரண்டு விரல் மண்.